தண்ணிக்குக் கழித்த ஒரு கிலோ

எங்கள் மேல்கணக்குத் திடலில் குதிரைப் பந்தயத்தை மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். நுவரெலியா டவுனில் இருக்கிற பெரிய பந்தயத் திடலைச் சொல்லவில்லை. அதற்குக் கீழே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில், தோட்டங்களை நடத்துகிற துரைமார் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை நடத்திவந்த சின்னப் பந்தயத்தைச் சொல்கிறேன். பல வருடம் புல் மண்டிக் கிடந்த இடத்தில் இப்போது டிஜே பாட்டு, ட்ரோன் கேமரா, பெண்பிள்ளைகளுக்குத் தொப்பிப் போட்டி. இன்னும் ஐந்து வருடத்தில் கிரிக்கெட்டுக்கு வருகிற கூட்டம் குதிரைக்கும் வருமாம். வந்துவிட்டுப் போகட்டும். எனக்கு அதில் ஒரு வயிற்றெரிச்சலும் இல்லை. நான் கொதித்துப்போய் இதை எழுதுவது வேறு காரணத்துக்காக. அந்தத் திடலின் வாசலில் வைக்கிற வரலாற்றுச் சுவருக்கு ஒரு நல்ல மனிதனைக் கள்ளன் என்று எழுதினார்கள். அவன் கள்ளன் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது, ஏனென்றால் தப்பைச் செய்தவனே நான்தான்.

நான் அந்தத் திடலில் தராசுக் கிளாக்கராக வேலை பார்த்தவன். அதற்கு முன்னால் பதினொரு வருடம் அதே தோட்டத்தில் கொழுந்து நிறுத்தேன். மலையில் கொழுந்து எடுக்கிற பொம்பளைகள் வெயிலிலும் மழையிலும் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வருவார்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராகத் தராசில் மாட்டுவார்கள். நான் முள்ளைப் பார்த்து எழுதுவேன். மழை நாளில் இலையோடு தண்ணீரும் சேர்ந்து நிற்கிறதென்று கூடைக்கு ஒரு கிலோ கழிக்கச் சொல்லி துரையின் உத்தரவு. "தண்ணிக்கு ஒண்ணு" என்று வாயால் சொல்லிவிட்டு, முள் காட்டியதில் ஒன்றைக் குறைத்து எழுத வேண்டும். சில நாள் மழை நின்று இரண்டு மணி நேரமாகி, வெயில் அடித்து, இலை காய்ந்திருக்கும். அப்போதும் கழிப்போம். "எங்கய்யா தண்ணி? காட்டுங்க பாப்போம்" என்று கூடையைக் கவிழ்த்துக் காட்டின பொம்பளைகள் உண்டு. நான் தலையை நிமிர்த்தாமல் அடுத்த பேரைக் கூப்பிடுவேன். பதினொரு வருடம் இப்படிச் சொல்லிச் சொல்லி, வானம் கறுத்தால் என் நாக்கு தானாகவே அதைச் சொல்லப் பழகிவிட்டது.

அந்தத் துரை ஓய்வு பெற்ற பிறகு பந்தயச் சங்கத்துக்குச் செக்ரட்டரி ஆனார். தராசு அறைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வாரம்தான் பயிற்சி. டவுன் திடலில் இருந்து ஒரு வயதான மனிதர் வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

வேலை என்ன என்று கேட்டால் சொல்வது சுலபம், பிசகாமல் செய்வதுதான் கஷ்டம். ஒவ்வொரு குதிரையும் இவ்வளவு பாரம் சுமக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவாகியிருக்கும். குதிரையை ஓட்டுகிற ஜொக்கி, சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு தராசு நாற்காலியில் உட்காருவார். பாரம் போதாவிட்டால், சேணத்துக்கு அடியில் போடுகிற துணியின் பைகளில் ஈயத் துண்டுகளைச் செருகுவோம். சவுக்கையும் தலைக்கவசத்தையும் கடிவாளத்தையும் நிறுக்கக் கூடாது. பாரம் சரியானதும் சேணத்தைக் குதிரைக்காரர் வாங்கிக்கொண்டு போய்க் குதிரைக்குக் கட்டுவார். ஓட்டம் முடிந்ததும் ஜொக்கி தன் கையாலேயே சேணத்தைக் கழற்றி, வேறு யாரும் தொடாமல், நேரே தராசுக்கு வர வேண்டும். போகும்போது இருந்த பாரம் வரும்போதும் இருக்க வேண்டும். அரைக் கிலோவரை குறைந்தால் மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் ஜெயித்த குதிரையும் தோற்றதாகிவிடும். எல்லாம் சரியென்றால் கம்பத்தில் வெள்ளைக் கொடி ஏறும். பிசகென்றால் சிவப்பு. வெள்ளைக் கொடி ஏறுகிறவரை மேட்டில் இருக்கிற சனம் மூச்சு விடாது.

தராசின் வட்டமான முகம் கிளாக்கரைப் பார்த்து இருக்கும். நாற்காலியில் உட்காருகிற ஜொக்கிக்கு முள் தெரியாது. அதனால்தான் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று விதி. முதல் நாளே துரை என்னிடம் சொன்னார். துரைமார் பேசுகிற தமிழ் உங்களுக்குத் தெரியும்.

"கிளாக்கர், நீ முள்ளு பாக்குறது. அப்புறம் நான் உன் பின்னால நின்னு முள்ளு பாக்குறது. நான் சரி சொன்னாத்தான் சரி. வெளங்குதா?"

"வெளங்குது தொர."

அந்த மனிதரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். துடைத்து முடித்துப் போட்டுக்கொண்டபின் அந்த விஷயத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. என் பின்னால் நின்று முள்ளைப் பார்த்து "சரி" என்று அவர் சொல்லும்போது அவர் சட்டையில் இருந்து லவெண்டர் வாசம் வரும். எங்கள் இரண்டு பேர் கையெழுத்தும் புத்தகத்தில் விழுந்துவிட்டால் அதைக் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது என்பார்.

இனி அந்தக் குதிரையைப் பற்றிச் சொல்கிறேன். காகிதத்தில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர், நாங்கள் எல்லாரும் செவலை என்றுதான் கூப்பிட்டோம். நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்த பெண் குதிரை. டவுனில் ஓடிக் கால் வீங்கி, இனி உதவாது என்று தள்ளிவிட்டதை எங்கள் பக்கத்துத் துரை ஒருவர் வாங்கி வந்தார். அதை எழுப்பி நிறுத்தியவர் சவரிமுத்து. எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையில் ஐந்தாம் நம்பர் லயத்துக்காரர். அவருடைய மனைவி மரியாயி என் மடுவத்தில் கொழுந்து போட்டவள்தான்.

சவரிமுத்து குதிரை பார்க்கிற விதமே தனி. மார்கழி, தை மாதத்தில் எங்கள் பக்கம் விடிகாலையில் புல்லெல்லாம் பனி உறைந்து கிடக்கும். கடிவாள இரும்பு அந்தக் குளிரில் பல்லில் பட்டால் குதிரைக்கு எப்படி இருக்கும்? மற்றவர்கள் அப்படியே வாய்க்குள் திணிப்பார்கள். இவர் அந்த இரும்பைக் கம்பளிக்குள் தன் அக்குளில் கால் மணி நேரம் வைத்துச் சூடேற்றித்தான் போடுவார். "நம்ம வாயில வச்சாத் தெரியும்ல கிளாக்கரய்யா" என்பார். செவலை அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கும். வேறு யாராவது பக்கத்தில் போனால் காதை மடக்கும், எனக்கு ஒருமுறை சட்டைக் கையே போயிற்று.

எங்கள் திடலின் பெரிய கப்பை ஒரே குதிரை அடுத்தடுத்து இரண்டு வருடம் ஜெயித்ததே அதுவரை கிடையாது. இந்த உயரத்தில் குதிரைக்கு மூச்சு வாங்கும், கடைசி வளைவு செங்குத்தான ஏற்றம், ஒருமுறை முழு வேகத்தில் அதில் ஏறிய குதிரை மறு வருடம் அந்த இடத்தில் தானாகவே தயங்கும். செவலை முதல் வருடம் ஜெயித்தது. இரண்டாவது வருடமும் ஜெயித்தது. மூன்றாவது வருடம், அன்றைக்குக் கொழுந்துக்குப் போகாமல் நாலு தோட்டத்துச் சனம் மேட்டிலே வந்து உட்கார்ந்துவிட்டது. தேயிலைச் செடிக்கு நடுவில் குடையும் கம்பளியுமாக மலையே தெரியவில்லை. குதிரைப் பந்தயம் துரைமார் விளையாட்டு என்று இன்றைக்குச் சொல்கிறவர்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அன்றைக்கு மழை. ஓட்டத்துக்கு முன் ஜொக்கி நிமல் நாற்காலியில் உட்கார்ந்தார். சேணத்தோடும் ஈயத்தோடும் சேர்த்து ஐம்பத்து நான்கு கிலோ. நான் பார்த்தேன், துரை பார்த்தார், சரி என்றார். சவரிமுத்து சேணத்தை வாங்கிக்கொண்டு போய்க் கட்டினார். கடைசி வளைவில் செவலை மூன்றாவதாக வந்தது. அந்த ஏற்றத்தில் நிமல் சவுக்கைத் தொடவே இல்லை. அது தானாக ஏறியது. முடிவுக் கம்பத்தைத் தாண்டும்போது பின்னால் வந்த குதிரைக்கும் அதற்கும் நடுவே ஒரு பஸ்ஸை நிறுத்தலாம். மேட்டில் கிளம்பிய சத்தத்தில் தராசு அறையின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

நிமல் சேணத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். உடம்பெல்லாம் சேறு, சட்டையில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தார். முள் ஐம்பத்து நான்கைக் கொஞ்சம் தாண்டி நின்றது. மழையில் நனைந்தால் பாரம் கூடத்தானே செய்யும்? கூடினால் யாருக்கும் நட்டமில்லை, அப்படியே எழுதலாம். ஆனால் என் கண்ணுக்கு முன்னால் நனைந்த துணி, சொட்டுகிற தண்ணீர், வெளியே வரிசையாகச் சனம். என் கை ஐம்பத்து மூன்று என்று எழுதியது. வாயும் ஐம்பத்து மூன்று என்றது.

துரை என் பின்னால் இல்லை. வாசலில் நின்று, கொழும்பில் இருந்து வந்த விருந்தாளி ஒருவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்தபடியே திரும்பாமல் "சரி" என்றார். வந்து கையெழுத்தும் போட்டார். போட்டபிறகுதான் எண்ணைப் பார்த்தார்.

"ஒரு கிலோ கொறயுது!"

நிமல் நாற்காலியில் இருந்து குதித்தார். "மே மொகத? என்ன இது? பொய்! மறுபடி நிறுங்க!"

எழுந்துவிட்ட ஜொக்கியை மறுபடி நிறுக்க விதியில் இடமில்லை. சிவப்புக் கொடி ஏறியது. மேட்டில் அவ்வளவு சனமும் ஒரேயடியாக அடங்கிப்போனது. நான் அப்போதும் தப்பு என்னுடையது என்று நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. முள்ளைத்தான் எழுதினேன் என்றே நம்பினேன்.

அடுத்த ஓட்டம் நடந்தது. நிமல் கழற்றிப் போட்ட ஈயத் துண்டுகளையும் துணியையும் வேறொரு ஜொக்கிக்கு எடுத்துப் போட்டாயிற்று, அதனால் எண்ணிப் பார்க்கவும் வழியில்லை. அந்த ஓட்டம் முடிந்து ஜொக்கி நனைந்தபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முள் ஐம்பத்தாறில் நின்றது. பேனாவை வைக்கப் போகும்போது என் காதில் என் சத்தமே விழுந்தது. "தண்ணிக்கு ஒண்ணு."

செவலைக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஐம்பத்தாறு என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஓடினேன். துரை தன் அறையில் தனியாக இருந்தார்.

"தொர, தப்பு நடந்து போச்சு. செவலை பாரம் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் மடுவத்து நெனப்புல தண்ணிக்கு ஒரு கிலோ கழிச்சிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது வேறு யாருக்கும் விளங்கியிருக்காது. அந்த மனிதருக்கு உடனே விளங்கிவிட்டது. கழிக்கச் சொல்லி உத்தரவு போட்டதே அவர்தானே! மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"நீ எழுதினது. நான் சைன் வச்சது. நான் முள்ளு பாக்காம சைன் வச்சேன்னு நீ சொல்றது?"

"இல்ல தொர, நான்தான்..."

"மடுவத்துப் பேச்சு மடுவத்தோட. இங்க பேசாதே." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "போ, அடுத்த ரேஸ் இருக்கு."

போனேன். அதுதான் நான் செய்தது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். வீட்டில் மூன்று பிள்ளைகள், லயத்தை விட்டு அப்போதுதான் கிளாக்கர் குவாட்டர்ஸுக்கு வந்திருந்தோம், என்று பதில் சொல்லலாம். அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கே புளித்துவிட்டது. பயந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கிலோ எங்கே போனது என்று விருந்தாளிகள் கேட்டார்களே, அதற்கு ஒரு பதில் வேண்டுமே! சேணத்தைக் கட்டியது யார்? சவரிமுத்து. அப்படியானால் பாரத்தைக் குறைக்க ஈயத்தை உருவியது அவன்தான். சனம் பார்க்க, மழையில், அவருடைய கம்பளியை உதறச் சொன்னார்கள், சட்டைப் பையைக் கவிழ்க்கச் சொன்னார்கள். ஒரு செபமாலையும் செவலைக்கு வைத்திருந்த ஒரு துண்டு கருப்பட்டியும் விழுந்தன. ஈயம் இல்லை. எங்கேயோ எறிந்துவிட்டான் என்றார்கள். அன்றைக்கே குதிரை லாயத்துக்குள் காலை வைக்கக் கூடாது என்று விரட்டிவிட்டார்கள். தோட்டத்திலும் "ஈயக் கள்ளன்" என்று பேர் விழுந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேள்வி. அடுத்த வருடம் குடும்பத்தோடு நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மரியாயியின் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். செவலை வேறு யாரையும் கிட்டச் சேர்க்கவில்லை, மறுபடி ஓடவும் இல்லை. நான் ஓய்வு பெறுகிற நாள்வரை அதே தராசில் இருந்தேன். துரை செத்துப்போனபோது மாலை வாங்கிக்கொண்டு போனேன்.

இப்போது புதிதாகப் பந்தயம் நடத்துகிறவர்களுக்கு மேலாளர் கிஷோர் என்ற இளைஞர். ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிறவர்களின் பிள்ளை. கெட்ட பிள்ளை இல்லை. பழைய ஆள் என்று என்னைத் தேடி வந்து, வரலாற்றுச் சுவருக்கு எழுதி வைத்ததைக் காட்டினார். செவலையின் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் இருந்தது: மூன்று முறை ஓடி இரண்டு முறை வென்ற அபூர்வக் குதிரை, மூன்றாவது வெற்றியைக் குதிரைக்காரனின் ஈயத் திருட்டால் இழந்தது.

அதை அவரிடமே திருப்பி நீட்டினேன். "தம்பி, இதை எடுங்க."

"ஏன் அங்கிள்? இதுதான் ஹைலைட்டே. சும்மா ஜெயிச்சது தோத்ததுன்னு போட்டா எவன் நின்னு படிப்பான்? ஸ்கேண்டல் இருந்தாத்தான் ஆளுங்க செல்ஃபி எடுப்பாங்க. ரேஸ் பொப்பியுலர் ஆகணும்ல?"

"அது பொய் தம்பி. மூணு வருஷமும் அதுதான் ஜெயிச்சது. நான்தான் தப்பா நிறுத்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுத்தில் தரச் சொன்னார். தருகிறேன், என் பெயரையும் போடுங்கள், தராசுக் கிளாக்கரின் பிழை என்று போடுங்கள் என்றேன். பந்தயம் பிரபலமாக வேண்டுமானால் சனம் முதலில் தராசை நம்ப வேண்டும், சனம் உட்கார்ந்து பார்த்த மேட்டைத் தகரம் அடித்து மறைத்துவிட்டு வாசலில் பொய்யை எழுதி வைத்தால் எவன் வருவான் என்றும் கேட்டேன். "சரி அங்கிள், சரி அங்கிள்" என்றார்.

காகிதத்தைக் கொடுக்கும் முன் சவரிமுத்துவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஹட்டனில் பஸ் பிடித்து நோட்டன் பிரிட்ஜுக்குப் போனேன். பாலத்தைத் தாண்டி இறக்கத்தில் ஒரு தகர வீடு. ஆள் ஒடுங்கிப்போயிருந்தார். மரியாயி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் குடிக்காமலே சொன்னேன்.

சவரிமுத்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப அன்னைக்கு அது ஜெயிச்சிருச்சா கிளாக்கரய்யா?"

"ஜெயிச்சிருச்சு சவரி."

"மூணும்?"

"மூணும்."

அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே சொன்னார். "நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா அவசரத்துல ஈயப் பையோட வாரை ஒழுங்கா இழுத்துவிடாமப் போயிட்டேனோ, வழியில ஒண்ணு விழுந்துருச்சோன்னு இத்தனை வருஷமா நெனச்சு நெனச்சுச் செத்துக்கிட்டு இருந்தேன் ஐயா. அது உசுரக் குடுத்து ஓடுச்சு, நான் கெடுத்துட்டேன்னு."

இப்படி ஒரு நினைப்பு அவர் மனதில் இருந்திருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. காலில் விழலாம் என்று எழுந்தேன். மரியாயி விடவில்லை. கும்பிடவும் இல்லை, அழவும் இல்லை.

"ஒரு கிலோவுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கீங்க. சந்தோசம்" என்றாள். "எங்க கூடையில பதினோரு வருசம் கழிச்சீங்களே, அந்தக் கிலோவெல்லாம் சொல்ல எப்ப வருவீங்க? வெயிலடிக்கிற நாள்ல கழிச்சதுக்கு எத்தனை லயத்துக்குப் போவீங்க?"

"நீ சும்மா இரு மரியாயி" என்றார் சவரிமுத்து.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? சும்மா இருந்தவங்கதான் கொறைவா இந்த மலையில?"

ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பந்தய நாளில் இரண்டு பேரும் வாருங்கள், சுவரில் போட்டிருப்பார்கள், உங்கள் கண்ணால் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாளே காகிதத்தைக் கிஷோரிடம் கொடுத்தேன்.

பந்தய நாளில் மரியாயி வரவில்லை. சவரிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். அவர் கையைப் பிடித்துச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய பெரிய படங்கள், துரைமார், துரைசானிமார், கப்புகள், தொப்பிகள். இந்த முனையில் இருந்து அந்த முனைவரை இரண்டு தடவை நடந்தோம். ஈயக் கள்ளன் இல்லை. என் பெயரும் இல்லை. செவலையே இல்லை. அதன் படம் வர வேண்டிய இடத்தில் தேயிலைக் கம்பனி விளம்பரம் ஒட்டியிருந்தது.

காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த கிஷோரை மறித்தேன். "செவலை எங்க தம்பி?"

"அது கொம்ப்ளிகேட்டட் ஆயிருச்சு அங்கிள். பழைய புத்தகத்துல ஒண்ணு இருக்கு, நீங்க ஒண்ணு சொல்றீங்க. ஸ்பொன்சருக்குப் பிரச்சினை வேணாமாம். அந்தப் பார்ட்டையே தூக்கிட்டோம்."

உண்மையைச் சொன்னால் பொய்யை அழிப்பீர்கள் என்று பார்த்தால் குதிரையையே அழித்துவிட்டீர்களா என்று கத்தினேன். தொப்பிப் போட்டிக்கு வந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது சவரிமுத்து என்னைத் தாண்டி முன்னால் போனார். கிஷோர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தம்பி, நான்தான் அந்தக் குதிரைக்காரன். ஈயத்தை நான்தான் எடுத்தேன்."

நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"இவரு நல்ல மனுசன், எனக்காகப் பாவப்பட்டு அப்புடி எழுதிட்டாரு. புத்தகத்துல இருக்கிறதுதான் சரி. நீங்க மொதல்ல எழுதினதையே போட்டுருங்க. ரெண்டு தடவை ஜெயிச்சதுன்னு போட்டுருந்தீங்களாம்ல, படத்தோட? அதைப் போட்டுருங்க தம்பி. நான் கையெழுத்து வேணாலும் வச்சுத் தாரேன்."

கிஷோரின் முகம் மலர்ந்தது. "அட, அப்ப நீங்களேவா? சூப்பர் தாத்தா. உங்களையே பக்கத்துல நிக்கவச்சு ஒரு வீடியோ எடுத்துரலாம்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அங்கிள், எதுதான் உண்மை?"

சவரிமுத்து என் கையைப் பிடித்து அழுத்தினார். தனக்குக் கள்ளன் பேர் இருந்தாலும் செவலை சுவரில் இருந்தால் போதும் என்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் அன்றைக்குத் துரை அறையில் மூடிக்கொண்ட வாய், இத்தனை வருடம் கழித்து, அத்தனை பேர் முன்னாலும் திறந்துகொண்டது.

"பொய்! அவரு பொய் சொல்றாரு! ஈயத்தை யாரும் எடுக்கல. நான்தான் தண்ணிக்கு ஒரு கிலோ கழிச்சேன், நான்தான், நான்தான்!"

கிஷோர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு அடுத்த வருஷம் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஒலிபெருக்கிப் பக்கம் போய்விட்டார்.

சவரிமுத்து என் கையை விட்டார். அந்த விளம்பரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்மேல் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"பேச வேண்டிய அன்னைக்குச் சும்மா இருந்தீங்க" என்றார். "சும்மா இருக்க வேண்டிய இன்னைக்குப் பேசிட்டீங்களே ஐயா."